அனுமதி பெறாத ஆலயங்கள்

ஆலயம் ஒன்று எழ என்னென்ன தேவை என்று கேட்டால், நம் பங்குகளில் எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். நிலம் வேண்டும்; பணம் வேண்டும்; நல்ல கொத்தனார் வேண்டும்; ஆயரின் ஒப்புதல் வேண்டும். இவற்றோடு அரசு அலுவலக முத்திரை பதிந்த ஒரு தாளும் வேண்டும். அந்தத் தாளுக்காக மனுவும் கையுமாக நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் அத்தாளையே ஓர் ஆயுதமாக்கி, ஆண்டுக்கணக்கில் இறைமக்களை வெட்டவெளியில் நிறுத்தி வைத்த அரசு ஒன்று இருந்தது. அந்த மக்கள் அத்தாள் இல்லாமலேயே எவ்வாறு கட்டினர், கட்டியதை எவ்வாறு காத்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். நாடு போலந்து, காலம் கம்யூனிச ஆட்சிக் காலம்.

அந்த ஆட்சி திருப்பலியைத் தடை செய்யவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்வது நலம். 1952-ல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம் மனச்சான்றின் சுதந்திரத்தை ஏட்டளவில் உறுதி செய்தது. எந்த அதிகாரியும் "நீ செபிக்கக் கூடாது" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நகர் அமைப்புத் திட்டத்தில் இடமில்லை", "சிமெண்டு ஒதுக்கீடு இல்லை", "மனு பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னாலே போதும். இலட்சம் பேர் வாழும் புதிய நகரில் ஒரு கோவில்கூட இல்லாமற் செய்துவிடலாம். யாரையும் துன்புறுத்தியதாக ஏடுகளில் ஒரு வரிகூட இராது. வேதகலாபனைக்கு வாள் தேவையில்லை, கோப்பு போதும் என்று அந்நாளைய அதிகாரிகள் கண்டறிந்திருந்தனர்.

கிராக்கோவ் நகருக்குக் கிழக்கே 1949 முதல் எழுப்பப்பட்ட நோவா ஹூட்டா இதற்குத் தலைசிறந்த சான்று. லெனின் பெயர் தாங்கிய மாபெரும் உருக்காலை ஒன்றும், அதைச் சுற்றித் தொழிலாளருக்கான அகன்ற வீதிகளும் அடுக்கு வீடுகளும் அமைந்தன. திரையரங்கு இருந்தது, மருத்துவமனை இருந்தது, கோவில் மட்டும் வரைபடத்திலேயே இல்லை. கடவுள் இல்லாத நகரம் என்று அதைக் காட்டிப் பெருமை கொள்ள அரசு விரும்பியது. ஆனால் உருக்காலைக்கு வேலை தேடி வந்தவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக மணியோசை கேட்டு எழுந்த சிற்றூர்க் குடியானவர்கள்.

1956-ல் கோமுல்கா ஆட்சிக்கு வந்தபோது இறுக்கம் சற்றே தளர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே கோவிலுக்கு இடமும் குறிக்கப்பட்டது. அங்கே மரச்சிலுவை ஒன்று நடப்பட்டது. பின்னர் காற்று திசை மாறியது. கொடுத்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதே இடத்தில் பள்ளிக்கூடம் கட்டப்படும் என்றனர். 1960 ஏப்ரல் 27 அன்று சிலுவையைப் பெயர்த்தெடுக்க ஆட்கள் வந்தனர். முதலில் எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். ஆலையில் வேலை நேரம் முடிந்ததும் ஆண்களும் வந்து சேர்ந்தனர். அன்று மாலையும் இரவும் கண்ணீர்ப் புகையும் தடியடியும் கல்வீச்சுமாகக் கழிந்தன. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் சிறை சென்றனர். சிலுவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அதற்கு முன்பே, 1959-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் நள்ளிரவில், இளம் துணை ஆயர் ஒருவர் அந்நகரின் பியென்ச்சிட்செ பகுதியில் உறைபனி நடுவே வெட்டவெளியில் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கியிருந்தார். அவர் பெயர் கரோல் வொய்த்திவா. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். பேராயரான பிறகும் அவர் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். ஒரு பக்கம் இடைவிடாத மனுக்கள். மறுபக்கம் பனியில் நிற்கும் மக்கள். எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் 1967 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மறுநாளே பேராயர் தம் கையால் மண்வெட்டி பிடித்து அடித்தளம் தோண்டத் தொடங்கினார். எங்கே மனம் மாறிவிடுவார்களோ என்ற அவசரம் அதில் இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அனுமதி வந்ததால் கட்டடம் வந்துவிடவில்லை. அரசுக் கட்டுமான நிறுவனங்கள் கைகொடுக்கவில்லை. பங்குத் தந்தை யூசெஃப் கோஷெலானியின் தலைமையில் தன்னார்வத் தொண்டர்களே பெரும்பகுதி வேலையைச் செய்தனர். வெளிச் சுவருக்கு ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் வேண்டும் என்றதும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கற்கள் வந்து சேர்ந்தன. சுமார் இருபது இலட்சம் கற்கள் அச்சுவரில் பதிந்துள்ளன என்பர். அடிக்கல்லைத் திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமையின் புனித பேதுரு பேராலயத்திலிருந்து எடுத்து அனுப்பினார். நோவாவின் பேழையைப் போல் வளைந்து நிற்கும் அவ்வாலயம் 1977 மே 15 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. அனுமதி கேட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்துவிடும் காலம்.

இவ்வாறு காத்திருக்க எல்லாராலும் இயலவில்லை. இதே நோவா ஹூட்டாவின் இன்னொரு பகுதி மிஸ்ட்ஷெயோவிட்சே. அங்கும் புதுக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. அங்கும் கோவிலுக்கு இடமில்லை. யூசெஃப் குஷேயா என்ற இளங்குரு 1970-ல் அங்கே சிறு மரக்குடில் ஒன்றை நிறுத்தினார். பச்சை வண்ணம் பூசிய அதனை மக்கள் பச்சைக் குடில் என்றே அழைத்தனர். திருப்பலி அங்கே, மறைக்கல்வியும் அங்கே. உள்ளே இடம் கொள்ளாதவர்கள் மழையிலும் பனியிலும் வெளியே நின்றனர். அனுமதி இல்லாக் கட்டுமானம் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. விசாரணைக்கு அழைப்பு, அபராதம், இரகசியக் காவல்துறையின் மிரட்டல் என்று அக்குருவின் நாட்கள் கழிந்தன. கர்தினால் வொய்த்திவாவோ அவரைக் கைவிடவில்லை. தாமே வந்து அந்த மக்களோடு நின்றார். முறையாக மனுச் செய்து காத்திருந்த அதே மேய்ப்பர் மனுவுக்கு விடை வராத இடத்தில் குடிலுக்கும் துணை நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது. கடைசியில் கோவில் கட்ட அனுமதி வந்தது. ஆனால் குஷேயா அடிகள் அந்தக் கோவிலைக் காணவில்லை. 1976 ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, இதயம் ஓய்ந்து அவர் இறந்தபோது அவருக்கு வயது 39. புனித மாக்சிமிலியன் கோல்பே பெயரால் எழுந்த அவ்வாலயத்தை 1983 ஜூன் 22 அன்று நேர்ந்தளித்தவர், திருத்தந்தையாகத் திரும்பி வந்த அவருடைய பழைய பேராயரே.

குடிலைக் கட்டியவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு வார்சாவுக்குத் தெற்கேயுள்ள ஸ்ப்ரோஷா டூஷா என்ற சிற்றூர் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே மக்கள் எளிய கட்டடம் ஒன்றைச் சிற்றாலயமாக்கி வழிபட்டு வந்தனர். 1972 மே மாதத்தில் காவல்துறையினர் வந்து அதை இடித்தனர். நற்கருணைப் பேழையும் அகற்றப்பட்டது. கர்தினால் விஷின்ஸ்கி கண்டனம் தெரிவித்தார். மக்கள் இடிந்த இடத்திலேயே மீண்டும் கூடினர். பின்னாளில் அவ்வூரில் ஆலயம் எழுந்தது.

ஒரு குருவோ ஒரு சிற்றூரோ செய்ததை ஒரு மறைமாவட்டம் முழுவதும் செய்தால் எப்படி இருக்கும்? நாட்டின் தென்கிழக்கு மூலையில் உள்ள ப்ஷெமிசில் மறைமாவட்டத்தில் அதுதான் நடந்தது. பெயர் நம் நாவுக்கு எளிதில் வளையாது, வாசகர்கள் பொறுத்தருள்க. அங்கே 1966 தொடக்கத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் இக்னசி டோக்கார்ச்சுக். இன்றைய உக்ரைனில் அடங்கும் பகுதியில் 1918-ல் பிறந்தவர். மலைச் சிற்றூர்களில் முதியவர்களும் குழந்தைகளும் ஞாயிறுதோறும் பல கல் தொலைவு நடந்தே கோவிலுக்கு வர வேண்டியிருப்பதை அவர் கண்டார். பங்குகளைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் கோவில் வேண்டும். இரண்டுக்கும் அரசின் இசைவு வேண்டும். 1956 இறுதியில் பிறந்த ஓர் ஆணையின்படி, புதிய பங்கு ஏற்படுத்துவதற்கே ஆட்சியாளர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது.

அவர் வழி எளியது, ஆனால் துணிச்சல் மிக்கது. முதலில் முறைப்படி மனுச் செய்வர். மறுப்பு வரும், அல்லது மறுமொழியே வராது. அதற்குப் பின் ஊரார் கூடி முடிவெடுப்பர். குடியானவர் ஒருவர் வீடு கட்டவோ களஞ்சியம் கட்டவோ அனுமதி பெறுவார். வெளியே பார்த்தால் களஞ்சியம்; உள்ளே மெல்ல மெல்லச் சிற்றாலயத்தின் சுவர் எழும். வேறு இடங்களில் மரச்சட்டங்களையும் கூரை உறுப்புகளையும் மறைவாக அறுத்துப் பொருத்தி ஆயத்தமாக வைத்திருந்து, ஒரே இரவில் கொண்டுவந்து நிறுத்துவர். விடிந்ததும் அதிகாரி வந்து பார்த்தால் அங்கே பீடம் இருக்கும், மெழுகுவர்த்தி எரியும், மக்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். இனி இடிப்பதென்றால் அந்தக் கூட்டத்தின் நடுவேதான் இடிக்க வேண்டும். எத்தனை அதிகாரிகளுக்கு அந்தத் துணிவு வரும்? சில இடங்களில் வந்தது, இடித்தனர். மக்கள் மறுபடியும் கட்டினர்.

அபராதங்கள் மழையாய்ப் பொழிந்தன. நிலத்தின் உரிமையாளருக்கு, தச்சருக்கு, கொத்தனாருக்கு, பங்குத் தந்தைக்கு என்று தனித்தனியே விதித்தனர். ஊரார் பங்கிட்டுக் கட்டினர். மின் இணைப்பு மறுக்கப்பட்டது. குருமாணவர்கள் படைப் பணிக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். ஆயரைச் சுற்றி இரகசியக் காவல்துறையின் கண்களும் காதுகளும் இருந்தன. அவரை அகற்றிவிட வேண்டுமென்று அரசு திருச்சபைத் தலைமையை நெருக்கியது. கர்தினால் விஷின்ஸ்கி அவருக்கு அரணாய் நின்றார். வொய்த்திவாவும் அவரை மதித்தார். உருக்காலை நகரமான ஸ்தலோவா வோலாவில் 1973 டிசம்பர் 2 அன்று புதிய ஆலயத்தை நேர்ந்தளிக்கக் கிராக்கோவின் கர்தினால் ப்ஷெமிசில் மறைமாவட்டத்துக்கு வந்தது அன்று எல்லாராலும் குறித்துக்கொள்ளப்பட்ட செய்தி. டோக்கார்ச்சுக் பணி ஓய்வு பெற்ற 1993-க்குள் அவர் மறைமாவட்டத்தில் எழுந்த கோவில்களும் சிற்றாலயங்களும் பிற கட்டடங்களுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 430. புதிய பங்குகள் சுமார் 220. அவற்றுள் மிகப் பல அனுமதியின்றி எழுந்தவை.

இங்கே நாம் சற்று நின்று நம்மையே கேட்டுக்கொள்வது தகும். சட்டத்தை மீறுவது கிறிஸ்தவனுக்கு அழகா? தலைமைச் சங்கத்தின் முன் பேதுரு கொடுத்த விடை நமக்குத் தெரியும். ஆனால் ஆள்வோருக்கு அடங்கி நடக்குமாறு உரோமையருக்குப் பவுல் எழுதியதும் நமக்குத் தெரியும். கட்டட விதிகள் வீணானவை அல்ல. கூரை சரிந்து ஏழை சாகாதிருக்கவும், பொதுவழி அடைபடாதிருக்கவும், அண்டை வீட்டுக்கு வெளிச்சம் கிடைக்கவும் ஏற்பட்டவை அவை. இரவோடு இரவாக எழுப்பிய கட்டடத்தில் பொறியாளரின் மேற்பார்வை எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்ற கவலை நியாயமானதே. அக்கட்டடங்களுள் பல அழகானவையும் அல்ல. கிடைத்த செங்கல்லையும் தகரத்தையும் வைத்து அவசரத்தில் எழுந்தவற்றில் அழகைத் தேடுவது எப்படி? ஆயினும் கூரையைக் காக்கப் பிறந்த விதியைக் கொண்டு செபத்தைத் தடுத்தவர்கள்தாம் அவ்விதியின் மதிப்பை முதலில் குலைத்தவர்கள் என்பது நம் கருத்து. அந்த மக்கள் மனுவோடு தொடங்கினார்கள், அபராதத்தைக் கட்டினார்கள், தம் பெயரை மறைக்கவில்லை. திருட்டுத்தனமாகக் கட்டுபவனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தம் வசதிக்காகக் கட்டுகிறவர்கள் தமக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

1980 ஆகஸ்டில் கப்பல் தளத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திலிருந்து ஒருமைப்பாட்டு இயக்கம் பிறந்தது. அதன்பின் அரசின் பிடி தளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் தூங்கிய மனுக்கள் விழித்துக்கொண்டன. எண்பதுகளில் போலந்தில் கட்டப்பட்ட அளவுக்கு அக்காலத்தில் ஐரோப்பாவின் வேறெந்த நாட்டிலும் கோவில்கள் கட்டப்பட்டிருக்குமா என்பது ஐயமே. 1989 மே 17 அன்று, ஆட்சி மாற்றத்தைக் கொணர்ந்த தேர்தலுக்குச் சில நாள்கள் முன்னதாக, அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையிலான உறவை வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. கோவில் கட்டும் உரிமை அதில் எழுத்தில் ஏற்கப்பட்டது.

முன்னரே அனுமதியின்றி எழுந்தவை என்னவாயின? கம்யூனிச அரசே 1974-ல் இயற்றிய கட்டடச் சட்டம் இதில் ஓரளவு நெகிழ்வானது. கட்டடத்துக்கு ஒதுக்கப்படாத நிலத்தில் எழுந்ததாயின், அல்லது ஆபத்து விளைப்பதாயின் இடிக்க வேண்டும். மற்றவற்றைக் குறை திருத்தி முறைப்படுத்திக்கொள்ள வழியிருந்தது. வேடிக்கை என்னவெனில், சுதந்திர போலந்து 1994-ல் இயற்றி 1995 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம் அதைவிடக் கடுமையாக அமைந்தது. அனுமதியில்லாக் கட்டடமா, இடித்துவிடு என்பதே அதன் விதி. கட்டணம் செலுத்தி முறைப்படுத்தும் வாய்ப்பு 2003-ல் செய்த திருத்தத்தால்தான் வந்தது. ஆனால் 1995-க்கு முன் கட்டி முடித்தவற்றுக்குப் பழைய சட்டமே செல்லும் என்று ஒரு பிரிவை அதில் வைத்திருந்தனர். ஆகவே கம்யூனிசக் காலத்தில் களஞ்சியத்துக்குள் பிறந்த சிற்றாலயத்துக்குக் கம்யூனிசக் காலச் சட்டமே நிழலாயிற்று! அபராதம் விதித்த அதே நாடு 2006-ல் டோக்கார்ச்சுக் அவர்களுக்குத் தன் மிக உயர்ந்த விருதான வெள்ளைக் கழுகு விருதை அளித்தது. 2012 டிசம்பரில், 94-ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை இனிக்கும். ஆனால் மறைக்கலாகாத பக்கம் ஒன்று உண்டு. 1947-ல் "விஸ்துலா நடவடிக்கை" என்ற பெயரில் அப்பகுதியிலிருந்து சுமார் 1,40,000 உக்ரைனியரும் லெம்கோ மக்களும் நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் சிதறடிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கிரேக்கக் கத்தோலிக்கர். வழிபாட்டு முறை வேறாயினும் உரோமைத் திருத்தந்தையைத் தலைவராக ஏற்ற நம் உடன்பிறப்புகள். அவர்களுடைய மரக்கோவில்கள் ஆளற்று நின்றன. சில இடிந்தன, சில ஆட்டுக்கொட்டகைகளாகவும் கிடங்குகளாகவும் ஆயின. எழுபதுகளில் டோக்கார்ச்சுக்கின் மக்கள் அவற்றுள் பலவற்றையும் அனுமதி கேளாமலே திறந்து, துப்புரவு செய்து, கூரை வேய்ந்து, இலத்தீன் வழிபாட்டுக்குப் பயன்படுத்தினர். அவர்கள் கை வைத்திராவிடில் அவற்றுள் பல இன்று மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்பது உண்மை. அவற்றுக்கு உரியவர்கள் எங்கோ உயிரோடு இருந்தனர் என்பதும் உண்மை.

அவ்வுண்மை 1991-ல் ப்ஷெமிசில் நகரிலேயே வெடித்தது. அங்குள்ள கார்மேல் கோவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1946 வரை கிரேக்கக் கத்தோலிக்கரின் பேராலயமாக விளங்கியது. அதற்கும் முன்னர் கார்மேல் துறவியருடையது. மீண்டும் உயிர்பெற்ற கிரேக்கக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு அதைச் சில ஆண்டுகளுக்கேனும் வழங்க ஆயர்கள் எண்ணியபோது, இலத்தீன் கத்தோலிக்கருள் ஒரு பகுதியினர் கோவிலுக்குள் புகுந்து வெளியேற மறுத்தனர். கோவில் கட்ட விடாத அதிகாரியை எதிர்த்து உட்கார்ந்து பழகிய அதே முறையில், இம்முறை உடன்பிறப்புக்கு எதிராக உட்கார்ந்தனர். ஆயர் டோக்கார்ச்சுக்கின் சொல்லும் அங்கே எடுபடவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவ்வாண்டு ஜூன் 2 அன்று நகருக்கு வந்தார். பூட்டிய கோவிலைத் திறக்கும்படி அவர் வற்புறுத்தவில்லை. முற்காலத்தில் இயேசு சபையினருடையதாய் இருந்து, பின்னர்ப் படைவீரரின் கோவிலாய் இருந்த இயேசுவின் திருஇருதய ஆலயத்தைக் கிரேக்கக் கத்தோலிக்கருக்கு அளித்தார். அதுவே இன்று புனித திருமுழுக்கு யோவான் பெயரால் அவர்களுடைய பேராலயம். அதே பழைய நகரில் கார்மேல் கோவிலும் நிற்கிறது. அங்கே துறவியர் இலத்தீன் முறையில் திருப்பலி நிறைவேற்றுகின்றனர்.